வேதனை என்றால் வலி மட்டும்தானா?

ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். வேதனை.

தமிழில் இதற்கு வலி, துன்பம், மனக்கஷ்டம் என்றுதான் பொருள். பிரசவ வேதனை, பல் வேதனை. யாராவது அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு "ஆஹா, என்ன ஒரு வேதனை!" என்றால் அல்வா ஊசிப்போய்விட்டது என்றுதான் நினைப்போம் :-) இந்தியிலும் மராத்தியிலும் இதே கதைதான்.

ஆனால் புத்தர் காலத்துப் பேச்சைக் காத்து வைத்திருக்கும் பாலி மொழியில் 'வேதனா' என்றால் உணரப்படுவது எதுவும். அது மூன்று வகை: இதமானது, இதமற்றது, இரண்டிலும் சேராதது. மார்கழி மாதத்து வெந்நீர்க் குளியலும் வேதனாதான், குதிகால் வலியும் வேதனாதான். இப்போது இதைப் படிக்கும்போது உங்கள் முழங்கை மேஜையில் படுகிறதே, சொல்லும் வரை கவனிக்காமல் இருந்தீர்களே, அதுவும் வேதனாதான். நம்மிடம் வந்து சேர்வதற்குள் இந்தச் சொல் தன் அர்த்தத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொலைத்துவிட்டது.

பழைய தமிழில் இதற்குச் சரியான சொல் இருந்தது. மணிமேகலையில் காஞ்சிபுரத்தில் அறவண அடிகள் அவளுக்குப் பௌத்தம் சொல்லிக் கொடுக்கும் பகுதியில் வேதனாவுக்கு 'நுகர்வு' என்று வருகிறது. ஒன்று நம்மைத் தொடுவது ஊறு. தொட்டதால் உண்டாகும் உணர்ச்சி நுகர்வு. நுகர்ந்ததால் எழும் 'இன்னும் வேண்டும்' வேட்கை. அதை விடாமல் பிடித்துக்கொள்வது பற்று. இன்றைக்கு நுகர்வோர் நீதிமன்றம் என்று சொல்லும்போது மட்டும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

சொல்லாராய்ச்சிக்காக இதைச் சொல்லவில்லை. தியானம், விபாசனா, மைண்ட்ஃபுல்னஸ் என்று பல பெயரில் இன்று ஆபீஸ் பயிலரங்கம் வரை வந்துவிட்ட இந்தப் பயிற்சியின் 140 வருட வரலாற்றைப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. வந்தவர்கள் பலரும் வலிக்காகத்தான் வந்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுத்தவர்களோ, "வலி மூன்றில் ஒரு பங்குதான் அப்பா, மீதியையும் பார்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

*

புத்தருக்கும் முதுகு வலி

முதலில் பழைய கதை கொஞ்சம்.

இந்தப் பயிற்சிக்கு அடிப்படையான சதிபட்டான சுத்தம் சொல்லப்பட்ட இடம் குரு நாட்டில் கம்மாசதம்மம் என்ற ஊர். அதாவது இன்றைய தில்லி வட்டாரம். உடல், வேதனா, மனம், மனதில் எழுபவை என்று நான்கையும் கவனிக்கச் சொல்கிறது அது. வேதனா பற்றிய பகுதி சின்னதுதான். இதமாக இருந்தால் இதமாக இருக்கிறது என்று தெரிந்துகொள், இதமில்லாவிட்டால் இதமில்லை என்று தெரிந்துகொள், இரண்டும் இல்லாவிட்டால் அதையும் தெரிந்துகொள். இதமானதை விரட்டு என்றோ வலியை வரவேற்று மாலை போடு என்றோ அதில் இல்லை.

இன்னொரு சுத்தம் சல்லத்தம். சல்லம் என்றால் அம்பு. ஒருவன் மேல் அம்பு பாய்கிறது. வலிக்கிறது. உடனே அதே இடத்தில் இரண்டாவது அம்பும் பாய்கிறது. முதல் அம்பு உடம்பின் வலி. இரண்டாவது, ஐயோ எனக்கா, இது எப்போது போகும் என்கிற தவிப்பு. பயிற்சி உள்ளவனுக்கு முதல் அம்போடு முடிந்துவிடுகிறது.

இந்த உவமையைப் பலர் கேட்டிருப்பீர்கள். ஆனால் அதே சுத்தத்தில் அடுத்து வரும் செய்தியை அதிகம் பேர் சொல்வதில்லை. வலியில் இருப்பவன் இன்பத்தைத் தேடி ஓடுகிறான், ஏனென்றால் வலியிலிருந்து தப்பிக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் என்கிறது அது. தலைவலித்தால் இனிப்பு, மனசு சரியில்லை என்றால் சினிமா, தூக்கம் வராவிட்டால் ராத்திரி ஒரு மணி வரை செல்போன். இதமற்றதை வெறுப்பதும் இதமானதைத் துரத்துவதும் இரண்டு பழக்கம் அல்ல, ஒரே பழக்கத்தின் இரண்டு முனைகள். ஒன்றை மட்டும் நிமிர்த்த முடியாது.

புத்தரே இரண்டு பக்கத்தையும் பார்த்தவர். ஞானம் பெறும் முன் உருவேலாவில் எலும்பும் தோலுமாகும்வரை உடம்பை வருத்தினார். பலன் இல்லை. அப்போது சின்ன வயதில் நாவல் மர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தபோது வந்த அமைதியான சுகம் அவருக்கு ஞாபகம் வருகிறது. தீமை கலக்காத அந்தச் சுகத்தைக் கண்டு நான் ஏன் பயப்படுகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். அதன் பிறகுதான் சாப்பிட ஆரம்பிக்கிறார். ஆக, சுகத்தைக் கண்டு மிரளுவதும் இந்த வழியில் சேர்த்தி இல்லை.

இன்னொரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. கபிலவஸ்துவில் சாக்கியர்கள் புதிதாக ஒரு மண்டபம் கட்டித் திறப்பு விழாவுக்குப் புத்தரை அழைக்கிறார்கள். இரவு வெகுநேரம் பேசுகிறார். பிறகு ஆனந்தரைக் கூப்பிட்டு, எனக்கு முதுகு வலிக்கிறது, நீ தொடர்ந்து பேசு, நான் கொஞ்சம் படுக்கிறேன் என்று வலது பக்கமாகப் படுத்துவிடுகிறார். வலியை ஏற்றுக்கொள்வது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

*

ராஜா போன பிறகு

இப்போது ஒரு பெரிய தாவல். கிட்டத்தட்ட 2,400 வருடம் தாண்டி 1885-க்கு, பர்மாவின் மாண்டலே நகருக்கு.

அந்த வருட நவம்பரில் ஆங்கிலேயர்கள் இரண்டே வாரத்தில் மேல் பர்மாவைப் பிடித்தார்கள். கடைசி ராஜா தீபா குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டார். முதலில் கொண்டுவரப்பட்டது நம் மதராஸுக்கு. அங்கே சில மாதம் வைத்திருந்துவிட்டு 1886-ல் மகாராஷ்டிராவில் இருக்கும் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். 1916-ல் அங்கேயே இறந்தார். 1910-ல் அவருக்காகக் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனையை இன்றும் ரத்னகிரியில் பார்க்கலாம்.

ராஜா போனது பர்மாக்காரர்களுக்கு வெறும் அரசியல் இழப்பு இல்லை. சங்கத்தைக் காப்பதும், பிக்குகளின் தலைவரை நியமிப்பதும், நூல்களைப் பாதுகாப்பதும் ராஜாவின் வேலை. வெள்ளைக்கார அரசுக்கு அதில் அக்கறை இல்லை. தலைமைப் பிக்கு 1895-ல் இறந்தபோது அந்த இடம் சில வருடம் காலியாகவே கிடந்தது. இனி தர்மம் அழிந்துவிடும் என்ற பயம் ஊரெல்லாம் பரவியது.

அந்தப் பயத்துக்கு ஒரு பதில் சொன்னவர் லெடி சயாடோ (1846-1923). ஷ்வேபோ மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து மாண்டலேயில் படித்தவர். 1887-ல் மோன்யுவா ஊருக்குப் பக்கத்தில் லெடி காட்டில் மடம் அமைத்ததால் அந்தப் பெயர். அவர் வாதம் எளிமையானது. தர்மத்தைக் காக்க ராஜா இல்லையென்றால் ஒவ்வொரு வீட்டுக்காரனும் காக்கட்டும். படிப்பும் தியானமும் பிக்குகளின் சொத்து என்ற நிலை மாறட்டும்.

அதற்காகப் பேச்சு வழக்குக்கு நெருங்கிய பர்மிய மொழியில் கையேடுகள் எழுதினார். கடினமான அபிதம்மத்தை மனப்பாடம் செய்ய வசதியாக 1904-ல் செய்யுளாக்கிக் கொடுத்தார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார், படிப்புக் குழுக்களை ஏற்படுத்தினார். ஆழ்ந்த சமாதி நிலைகளை எட்டிய பிறகுதான் விபாசனா என்று காத்திருக்க வேண்டாம், வேலை வெட்டி பார்ப்பவனும் ஆரம்பிக்கலாம் என்றார்.

எரிக் பிரான் என்ற அமெரிக்க வரலாற்றாய்வாளர் 2013-ல் இதைப் பற்றி விரிவாக ஒரு புத்தகம் எழுதினார். சாதாரண மக்கள் கூட்டம் கூட்டமாகத் தியானம் செய்வது காலங்காலமாக நடந்து வந்ததல்ல, காலனி ஆட்சியின் அதிர்ச்சியில் பிறந்தது என்பது அவர் முடிவு. இந்த மரபைச் சேர்ந்தவர்களோ, பயிற்சி முறை பர்மாவில் ஒரு சிறு குருபரம்பரையில் கலப்படமில்லாமல் காக்கப்பட்டு வந்தது என்பார்கள். லெடிக்கு முந்தைய அந்தச் சங்கிலியைக் காட்ட எழுத்துச் சான்று கிடையாது. எப்படியிருந்தாலும் வீட்டுக்காரர்கள் கைக்கு இது வந்தது அந்தக் காலத்தில்தான் என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை.

*

ஒரு விவசாயி, ஒரு கணக்கர்

லெடியிடம் கற்றவர்களில் ஒருவர் போ தெட். ரங்கூனுக்குத் தெற்கே ஆற்றுக்கு அக்கரையில் பியாவ்ப்வேஜி கிராமத்து விவசாயி. 1903 வாக்கில் காலரா வந்தபோது மகனையும் மகளையும் பறிகொடுத்தார். அந்தத் துக்கம் தாங்காமல் வீட்டில் சொல்லிவிட்டு ஊர் ஊராக அலைந்து தியானம் கற்றார். 1914-ல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பிக்கு இல்லாத, அதிகம் படிக்காத ஒருவர் தியான ஆசிரியர் ஆனது அன்றைக்குப் பெரிய சங்கதி. சயா தெட்ஜி என்ற பெயரில் 1945-ல் இறக்கும்வரை சொல்லிக் கொடுத்தார்.

அவரிடம் 1937-ல் வந்து சேர்ந்தவர் ஊ பா கின் (1899-1971). அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேலே வந்தவர். அதே வருடம்தான் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக ரீதியாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை அந்த ஆபீஸ் அதிகாரிகளில் பெரும்பாலோர் ஆங்கிலேயர்களும் இந்தியர்களும். 1948 ஜனவரி 4, பர்மா சுதந்திரம் பெற்ற நாளிலேயே அவர் நாட்டின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். ஒரு கட்டத்தில் நான்கு துறைகளுக்கு ஒரே நேரத்தில் தலைவராக இருந்திருக்கிறார்.

இந்த மனிதர் ஆபீஸிலேயே தியானத்துக்கு ஓர் அறை ஒதுக்கினார்! 1950-ல் அலுவலக விபாசனா சங்கம், 1952-ல் ரங்கூனில் ஒரு தியான மையம். பகலில் தணிக்கை, மாலையிலும் விடுமுறையிலும் தியானம்.

அவர் செய்த முக்கியமான காரியம், பயிற்சியை உடம்பின் உணர்ச்சிகள் மேல் நிறுத்தியது. அதே காலத்தில் பர்மாவில் புகழ்பெற்ற மஹாசி சயாடோ வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கச் சொன்னார். ஊ பா கின் வழியில் மூச்சைக் கவனித்து மனதைக் கூராக்கிய பிறகு தலையிலிருந்து கால்வரை கவனத்தைச் செலுத்த வேண்டும். எங்கே அரிப்பு, எங்கே சூடு, எங்கே துடிப்பு, எங்கே சிலிர்ப்பு. எதுவும் நிலைக்கவில்லை என்பதைக் கேள்விப்பட்டு நம்புவதற்குப் பதிலாகத் தோலிலேயே தெரிந்துகொள்வது. வேலைக்குப் போகிறவனுக்கு இது வசதியாக இருந்தது. வேதாந்தம் படிக்க நேரம் இல்லாவிட்டாலும் உடம்பு எப்போதும் கூடவே இருக்கிறதே.

*

ஒற்றைத் தலைவலிக்காரர்

சத்யநாராயண் கோயங்கா 1924-ல் மாண்டலேயில் பிறந்த மார்வாடி. தீபா ராஜா ஆண்ட அதே ஊர். இளம் வயதிலேயே பெரிய தொழிலதிபர், இந்தியச் சமூகத்தில் முக்கியப் புள்ளி. கூடவே கடுமையான ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும். மார்ஃபினுக்கே அடிமையாகிவிடுவீர்கள் என்று டாக்டர்கள் பயமுறுத்த, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று சுற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நண்பர் சொல்லி 1955-ல் ஊ பா கின்னிடம் போனார். தலைவலிக்காக வந்திருக்கிறேன் என்றதும் அவர் மறுத்துவிட்டார்! வெறும் உடம்பு நோயைத் தீர்க்க மட்டும் இதைக் கேட்பது இதன் மதிப்பைக் குறைப்பது, அதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது என்பது அவர் பதில். நோக்கம் மனதைச் சுத்தம் செய்வது, அது நடந்தால் தலைவலி போவது துணைப் பலன். மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயமும் கோயங்காவுக்கு இருந்தது. கடைசியில் செப்டம்பரில் சேர்ந்து, இரண்டாம் நாளே மூட்டை கட்டத் தயாராகி, பிறகு மனம் மாறிப் பத்து நாளையும் முடித்தார். தலைவலி போனது. பிறகு 14 வருடம் அந்த ஆசிரியரிடமே பழகினார்.

இந்த மறுப்பைத்தான் இந்த வரலாற்றின் மையமாக நான் பார்க்கிறேன். வலியைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்ற வெறியோடு வலியைக் கவனித்தால், அது கவனிப்பே இல்லை. இரண்டாவது அம்பை இன்னும் ஆழமாகக் குத்திக்கொள்வது. கணக்கருக்கு அது தெரிந்திருந்தது.

1962-ல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் வியாபாரங்களும் தொழிற்சாலைகளும் தேசியமயம் ஆயின. கோயங்காவின் தொழில்களும் போயின. அதே உத்தரவுகள்தான் நம் ஆட்களையும் கப்பலேற்றின. செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளைகள், துறைமுகக் கூலிகள், சிறு கடைக்காரர்கள் என்று லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், கையில் கிடைத்ததோடு திரும்பினார்கள். சென்னை பர்மா பஜாரும் பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அந்த வரவின் மிச்சம். மணிப்பூர் எல்லையில் மோரே ஊரின் தமிழ்க் குடியிருப்பும் அப்படித்தான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பர்மா தாத்தா ஒருவர் இருந்திருப்பார். கோயங்காவின் பெற்றோரும் இப்படி பம்பாய் வந்து சேர்ந்தவர்களே.

பம்பாயில் அம்மாவுக்கு நரம்புக் கோளாறு. அவரைப் பார்க்க 1969-ல் கோயங்காவுக்கு பாஸ்போர்ட் கிடைத்தது. ஜூலையில் பம்பாயில் முதல் வகுப்பு, பெற்றோரைச் சேர்த்து 14 பேர். அதே வருடம் மதராஸிலும் நடத்தினார். இந்தியாவிடம் பர்மா வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டும் என்று ஊ பா கின் அடிக்கடி சொல்வாராம். கணக்கர் அல்லவா, கடன் பாக்கி ஞாபகம் இருந்திருக்கிறது :-)

பர்மாவின் ராஜா கைதியாக வந்த மகாராஷ்டிராவுக்கே பர்மாவின் தியானமும் இப்படி வந்து சேர்ந்தது. மும்பையிலிருந்து நாசிக் போகும் ரயில் பாதையில், கசாரா மலைப்பாதை ஏறியதும் வரும் இகத்புரியில் 1976-ல் தம்மகிரி மையம் திறந்தது. இப்போது சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது. பத்து நாள், காலை நான்கு மணிக்கு எழுப்பு மணி, பேச்சு கிடையாது, கட்டணமும் கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாளிலிருந்து உடம்பு. தினமும் மூன்று தடவை ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க முயல வேண்டும். முட்டி கதறும். அங்கேதான் பாடம் ஆரம்பம்.

*

சிறையும் ஆஸ்பத்திரியும்

1975-ல் ஜெய்ப்பூர் மத்திய சிறையில் கைதிகளுக்கு முதல் வகுப்பு நடந்தது. ராஜஸ்தான் உள்துறைச் செயலாளராக இருந்த ராம் சிங் ஏற்பாடு. கால் விலங்கோடு அழைத்து வரப்பட்டவர்களின் விலங்கைக் கழற்றச் சொன்னார் கோயங்கா. பிறகு 1994 ஏப்ரலில் தில்லி திகார் சிறையில், கிரண் பேடி தலைமை அதிகாரியாக இருந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். 1997-ல் இதைப் பற்றி ஒரு ஆவணப்படமும் வந்தது. கம்மாசதம்மத்தில் சொல்லப்பட்ட பாடம், அதே தில்லி வட்டாரத்துக்கு, ஒரு சிறைச்சாலைக்குள் திரும்பி வந்திருக்கிறது.

கடல் தாண்டி இன்னொரு கிளை. ஊ பா கின்னிடமும் கோயங்காவிடமும் கற்ற அமெரிக்கர்கள் 1970-களில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் வழியாக இந்த முறை ஜான் கபட்-ஜின் என்ற விஞ்ஞானிக்குப் போனது. 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். டாக்டர்கள் கை விரித்த நாள்பட்ட வலிக்காரர்கள்தான் ஆரம்ப மாணவர்கள். படுக்கவைத்து, கால் விரலில் தொடங்கித் தலைவரை கவனத்தை நகர்த்தச் சொன்னார். பாடி ஸ்கேன் என்று இன்று எல்லா செயலியிலும் இருக்கிறதே, அதன் பூர்வீகம் ரங்கூன் கணக்கர்தான்.

1982-ல் 51 வலி நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பத்து வாரப் பயிற்சிக்குப் பிறகு 65 சதவீதம் பேருக்கு வலி மதிப்பெண் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை, அது அந்த ஆய்வின் குறை. 2016-ல் அந்தக் குறை இல்லாத பெரிய ஆய்வு வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 342 பேர். ஆறு மாதத்தில் அன்றாட வேலைகளைச் செய்வதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள், மைண்ட்ஃபுல்னஸ் குழுவில் 60.5 சதவீதம், மன சிகிச்சைக் குழுவில் 57.7, வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்தவர்களில் 44.1. அதாவது பலன் உண்டு, ஆனால் மந்திரம் இல்லை. பத்துப் பேரில் நாலு பேருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது.

*

தொலைந்துபோன மீதி

ஆக விவசாயி புத்திர சோகத்தில் வந்தார், வியாபாரி தலைவலியில் வந்தார், கைதி தண்டனையில் வந்தார், அமெரிக்க நோயாளி இடுப்பு வலியில் வந்தார். யாருமே "என் வாழ்க்கை ரொம்ப இனிமையாக இருக்கிறது, அதை எப்படிக் கையாள்வது?" என்று கேட்டு வரவில்லை.

ஆனால் கோயங்காவின் மாலைப் பேச்சுகளில் அவர் அதிகம் எச்சரிப்பது எதைப் பற்றித் தெரியுமா? இன்பமான உணர்ச்சி பற்றி. சில நாள் பயிற்சியில் சிலருக்கு உடம்பு முழுக்க மெல்லிய இதமான ஓட்டம் வரும். அடுத்த தடவை உட்காரும்போது அது வராது. உடனே ஏமாற்றம். நேற்று வந்ததே, இன்று ஏன் வரவில்லை? அங்கேயே பயிற்சி போச்சு, உணர்ச்சிகளோடு விளையாட்டு ஆரம்பம் என்பார். வலியைத் தாங்கக் கற்றுக்கொண்டவன் சுகத்தில் வழுக்கி விழுகிறான். வலி வந்தால் உஷாராகிவிடுகிறோம். சுகம் வந்தால் உஷார் எங்கே வருகிறது?

மணிமேகலையின் சொல் வரிசை இந்த இடத்தில் உதவுகிறது. ஊறு நம் கையில் இல்லை. வெயில் சுடும், ஜாங்கிரி இனிக்கும். நுகர்வும் நம் கையில் இல்லை. நுகர்விலிருந்து வேட்கைக்குத் தாவும் அந்த நொடி மட்டும்தான் நம் இடம். ஏற்றுக்கொள்வது என்றால் அந்த நொடியில் தாவாமல் இருப்பது. ஜாங்கிரி இனிப்பதை முழுசாக உணரலாம், இன்னொன்றுக்குக் கை தானாகப் போவதையும் பார்க்கலாம். வலியை முழுசாக உணரலாம், மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். தூரத்தில் எங்கோ கல்யாண வீட்டு நாதஸ்வரம் கேட்டால் தொண்டைக்குக் கீழே ஒன்று இறுகுகிறது. அது சுகமா துக்கமா என்று உங்களால் சொல்ல முடியுமா? ஊர் நினைப்பு என்று பெயர் வைத்து, அங்கேயே இருந்திருக்கலாம், இந்த ஊரும் ஒரு ஊரா என்று கதை கட்ட ஆரம்பித்துவிடுகிறோம். உடம்பில் நடந்தது தொண்டையில் ஒரு இறுக்கம், கண்ணோரத்தில் ஒரு சூடு, அரை நிமிஷத்தில் கலைந்துபோகும் சமாச்சாரம். மீதி ராத்திரி முழுக்க நாம் எய்துகொண்ட அம்பு. கதையை விட்டுவிட்டு அந்த அரை நிமிஷத்தை மட்டும் பார்த்தால் ஊர் மேல் உள்ள பிரியம் குறையாது. இருக்கிற ஊரின் மேல் உள்ள கசப்பு குறையும்.

இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, இது மருத்துவத்துக்கு மாற்று இல்லை. நெஞ்சு வலித்தால் கவனித்துக்கொண்டு உட்காராதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். முதுகு வலித்தால் புத்தரே படுத்தார். இரண்டு, பத்து நாள் மௌனம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. மையங்களின் விண்ணப்பத்திலேயே மனநோய் இருந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அதை மறைக்கக் கூடாது. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவும் கூடாது.

மற்றபடி ஆரம்பிக்க இகத்புரி போக வேண்டும் என்றுகூட இல்லை. இன்று ராத்திரி சாப்பாட்டில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை முதல் வாய் வைக்கும்போது நாக்கில் என்ன நடக்கிறது, அடுத்த வாய்க்குக் கை எப்போது கிளம்புகிறது என்று மட்டும் பாருங்கள். வலி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தொலைந்துபோன மூன்றில் இரண்டு பங்கு அங்கேயும் இருக்கிறது.